மண்டபம்: இடைத்தங்கலின் நூறாண்டு

இராமேசுவரம் செல்லும் புகைவண்டி பாம்பன் பாலத்தை அடையுமுன் இரண்டு நிலையங்களைக் கடந்து போகிறது. முன்னதன் பெயர் ‘மண்டபம் கேம்ப்’, அடுத்தது ‘மண்டபம்’. ஓர் ஊர் இருக்க, அவ்வூர் முகாமுக்கென்றே தனியாக ஒரு நிலையமும் பெயரும் அமைவது எங்கும் காணக்கூடியதன்று. தூண்கள் தாங்கிய கூரையும் திறந்த பக்கங்களுமாய், வழிப்போக்கர் ஓரிரவு தங்கி எழுந்து போவதற்காகக் கட்டப்படுவதையே நாம் மண்டபம் என்று வழங்குகிறோம். அதில் யாரும் குடியிருப்பதில்லை. இப்பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. எனினும் நூறாண்டுக்கு மேலாக அங்கு வந்து தங்கியோரைப் பற்றிப் படிக்குந்தோறும் இது என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலருக்குச் சிலப்பதிகாரம் பற்றி எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டிருந்தேன். அடைக்கலக் காதையில் தொடங்கிய என் குறிப்புகள் அரசின் உதவித்தொகைக் கணக்குகளில் போய் முடிந்தன. கவிஞர்கள் பொறுத்தருள வேண்டும். ஆயினும் இரண்டும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல.

மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகள் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி அவளை ஆயர் சேரிக்கு அழைத்துச் சென்று என்ன தந்தாள் என்பதை இளங்கோவடிகள் கொலைக்களக் காதையில் நுணுக்கமாகச் சொல்கிறார். செம்மண் பூசிய, வேலியிட்ட, தனியான ஒரு சிறு மனை. சமைக்கத் தகுந்த கலங்கள். காய், அரிசி, பால். துணைக்குத் தன் மகள் ஐயை. மாதரி சமைத்த சோற்றைக் கண்ணகி உண்ணவில்லை என்பது இங்கே நோக்கத்தக்கது. பெற்ற பொருளைக் கொண்டு தன் கணவனுக்குத் தானே சமைத்தாள். ஊர் விட்டு வந்த பெண்ணுக்கு ஓர் அடுப்பையும் ஒரு கதவையும் தருவதுதான் புகலிடம் என்று அந்த ஆயர்குல மூதாட்டிக்கு எவரும் கற்பிக்கவில்லை. பின்னர் அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போனமைக்காக அவள் தீயில் புகுந்தாள் என்பதையும் நீர்ப்படைக் காதையில் மாடலன் வாயிலாக அறிகிறோம்.

மாதரி தனியொருத்தி. அடைக்கலம் தரும் பொறுப்பு அரசின் கைக்கு வரும்போது அது கணக்காக மாறுகிறது. தலைக்கு எவ்வளவு, மாதத்துக்கு எவ்வளவு, யார் தலையில் செலவு என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்கள் எழுவது தவறென்று கூறமாட்டேன். பல்லாயிரம் பேரைக் கணக்கில்லாமல் காக்க முடியாது. அக்கணக்கில் எது ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பதைப் பார்ப்பதே என் நோக்கம். அதற்கு மண்டபத்தைவிட ஏற்ற இடம் தமிழ்நாட்டில் இல்லை.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுக்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ‘போட் மெயில்’ வழி அமைந்தது. இலங்கைத் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலிகள் கடலைத் தாண்டுமுன் தங்க வைக்கப்பட்ட இடமே மண்டபம் முகாம். இந்திய மண்ணில் அமைந்த அதனை நடத்தியது இலங்கை அரசு. அம்மை குத்துதல், உடல் சோதனை, உடைகளைக் கிருமி நீக்குதல் எல்லாம் முடிந்த பிறகே கப்பல். நோய் தோட்டத்துக்குள் நுழையலாகாது என்பதே முதற்கவலை.

அக்காலத்தில் வழங்கிய ‘தகரச் சீட்டு’ முறையை அறிந்தோர் இன்று குறைவு. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த சிறு தகர வில்லை ஒன்று கூலியின் உடலில் தொங்கும். எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதை அது காட்டும்; வழிச்செலவையும் உணவுச் செலவையும் அத்தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். தோட்டம் கங்காணியின் கணக்கில் எழுதும். கங்காணி கூலியின் கணக்கில் எழுதுவார். ஆக, மண்டபத்தில் உண்ட சோறு ஹட்டனில் கடனாகி நின்றது. அக்கடனைக் காட்டும் ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. உணவும் தங்குமிடமும் தந்தவர்கள் அதனை ஈகையாகக் கருதவில்லை என்பது மட்டும் தெளிவு.

இந்திய அரசு 1939 ஆகஸ்டில் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் அங்கிருந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. ‘பகிர்ந்துகொண்டன’ என்னும் சொல்லை எழுதும்போது என் பேனா தயங்கத்தான் செய்கிறது. உடன்படிக்கை நடந்து இரண்டு மாதம் முடியுமுன் புயலில் தனுக்கோடி அழிந்தது. தாயகம் திரும்பியோரின் கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது. அவர்கள் மீண்டும் மண்டபத்தில் இறங்கினார்கள். கொட்டன் தகரத்தோடு போனவரின் பேரப்பிள்ளைகள் இம்முறை குடும்ப அட்டையோடு வந்தனர். மறுவாழ்வுக்கென்று அரசு வேறிடம் குறிக்கும் வரை இங்கே இடைத்தங்கல்.

மூன்றாவது வருகையே நம் காலத்தது. 1983 ஜூலைக் கலவரம் தொடங்கி 1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் வரை 1,34,053 பேர் கடல் கடந்து வந்தனர். ஒப்பந்தத்தை நம்பி 25,585 பேர் திரும்பினர். 1989 ஆகஸ்டுக்குப் பின் மீண்டும் போர். ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் வந்தனர். 1996க்குப் பிறகும் 2006க்குப் பிறகும் இன்னும் பலர். 1983 முதல் 2012 வரை வந்தவர் தொகை 3,04,269 என்பது அரசுக் கணக்கு. மண்டபத்தில் பதிவு, பிறகு மாவட்டந்தோறும் முகாம்.

இவ்வளவு பேருக்கு வீடு ஏது? இருந்த கட்டடங்களே வீடாயின. விளைபொருள் கிடங்குகள், புயற்காப்பகங்கள், கோழிப் பண்ணைக் கொட்டகைகள், பர்மாவிலிருந்து திரும்பியோர்க்காக முன்பே அமைந்த கும்மிடிப்பூண்டி, திருச்சி கொட்டப்பட்டு முகாம்கள், மண்டபத்தின் பழைய வரிசை வீடுகள். இடம் போதாதபோது ஓலையும் தார் அட்டையும் கொண்டு பத்தடிக்குப் பத்தடி அறைகள் எழுந்தன. ஓர் அறை ஒரு குடும்பத்துக்கு. போர் ஓரிரு ஆண்டில் ஓய்ந்துவிடும் என்று அனைவரும் நம்பிய காலம் அது. அந்த அவசரத்தில் செய்ததை இன்று குறை கூறுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டு மக்களும் அதிகாரிகளும் அன்று காட்டிய அன்பு மெய்யானது.

1990இல் எங்கள் ஊர்க் கிடங்கு ஒன்றில் அவ்வாறு சில குடும்பங்கள் வந்து தங்கின. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கிடங்கின் உள்ளே சுவர்கள் கிடையா. குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி அதில் சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு சேலைக்கு அப்பாலும் ஒரு குடும்பம். என் வகுப்புத் தோழி ஒருத்தி, நீலச் சேலைக்கும் மஞ்சள் சேலைக்கும் நடுவில் தன் வீடு என்று எனக்கு அடையாளம் சொன்னாள். எனக்கு அது விளையாட்டு வீடுபோல் மிகவும் பிடித்திருந்தது. இரவில் அவள் தாயார் ஆடை மாற்ற, விளக்கணையும் வரை காத்திருப்பார் என்பதை அவள் சொன்னபோது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. 1992 ஜனவரியில் தாயகம் திருப்பி அனுப்பும் கப்பல்கள் புறப்படத் தொடங்கின; 1995 மார்ச் வரை 54,188 பேர் போயினர். தோழியின் குடும்பமும் போயிற்று. வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின் மேல் ஆசிரியை சிவப்பு மையால் கோடிட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்திருப்பி அனுப்புதல் விருப்பத்தின் பேரில்தானா என்னும் ஐயம் அன்றே எழுந்தது. 1992 ஜூலைக்குப் பிறகுதான் ஐ.நா. அகதிகள் ஆணையம் அதனைக் கண்காணிக்க இடம்பெற்றது. 1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் முகாம்களின் காற்றே மாறிவிட்டது. வெளியே செல்ல அனுமதிச் சீட்டு, வருவாய்த் துறையின் தணிக்கை, தணிக்கையன்று இல்லாதவர்க்கு உதவித்தொகை நிறுத்தம் என்று கட்டுப்பாடுகள் இறுகின. கல்லூரிக்குச் செல்லவிருந்த பிள்ளைகளின் வழியும் சில ஆண்டுகள் அடைபட்டது. கொலைக்கும் கிடங்கில் வாழ்ந்த குழந்தைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் துணிந்தவர் சிலரே.

இனிச் செலவுக்கு வருவோம். முகாம் செலவை மாநில அரசு முதலில் செய்யும். மத்திய அரசு பின்னர் ஈடு செய்யும். சமைத்த உணவு தருவதில்லை. மாத உதவித்தொகையும், கிலோ 57 காசு விலையில் அரிசியும், பாத்திரமும் தரப்பட்டன. இந்த ஏற்பாடு மாதரியின் வழியையே ஒத்தது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். எத்தனை சிறிய அறையாயினும் அதில் அவரவர் அடுப்பு எரிந்தது. தங்கும் விடுதிகளில் அகதிகளை அடைத்து, அடுப்பு மூட்ட விடாமல், நாள்தோறும் பெருந்தொகை கட்டும் செல்வ நாடுகள் இன்றும் உள்ளன.

ஆனால் தொகையைப் பாருங்கள். 2006 வரை குடும்பத் தலைவருக்கு மாதம் 200 ரூபாய். பெரியவர் மற்றொருவருக்கு 144. கணவன் மனைவி இருவர் எனில் நாளொன்றுக்குத் தலைக்கு ஐந்தே முக்கால் ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. 2006இல் அது இருமடங்காயிற்று. 2011இல் 1,000, 750 என்றும், 2021இல் 1,500, 1,000 என்றும் உயர்ந்தது, குழந்தைக்கு 500. இரண்டு குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு இப்போது மாதம் 3,500; நாளுக்குத் தலைக்கு 29 ரூபாய். ஆண்கள் பெயின்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்ச் சம்பாதித்துத்தான் எஞ்சியதை ஈடுகட்டினர். மாலையில் தணிக்கைக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவில் கிடைத்த வேலையே அவர்களுக்கு வேலை.

தொகை அவ்வப்போது ஏறியது. கூரை ஏறவில்லை. உதவித்தொகை மாதந்தோறும் கணக்கில் வருவதால் அதனை உயர்த்தக் கேட்பவரும் இருந்தனர், உயர்த்துபவரும் இருந்தனர். வீடோ தற்காலிகம் என்னும் தலைப்பின்கீழ் ஒருமுறை எழுதி முடிக்கப்பட்ட செலவு. தற்காலிகமானதற்கு அடித்தளம் தேவையில்லை. கழிப்பறை பொதுவாக இருந்தால் போதும். மகள் பெரியவளானால் தனியறை வேண்டும் என்னும் நினைப்பு எழாது. அவ்வப்போது பழுது பார்த்தார்கள். 2009இல் நூறு கோடி ரூபாய் ஒதுக்கிச் செய்த பணிகள் அவற்றுள் பெரியவை. ஆயினும் அறையின் அளவு அதே பத்தடி. அங்கே பிறந்த குழந்தை அங்கேயே மணமுடித்து, அதே அறையில் சேலை கட்டித் தடுத்து வாழும் நிலை வந்தது.

சொற்களும் இந்நிலையை எதிரொலிப்பன. ‘அகதி’ என்பது கதியற்றவர் என்னும் வடசொல் வழக்கு. ஈழத்தவர் ‘ஏதிலி’ என்று எழுதலாயினர். சந்திரகாசன் 1984இல் தோற்றுவித்த அமைப்பும் அச்சொல்லையே தன் பெயரில் ஏற்றது. பழைய நூல்களில் ஏதிலார் என்றால் அயலார். கதியில்லாதவர் என்பதைவிட அயலார் என்பது மதிப்பானது என்று அவர்கள் கருதியிருக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘இலங்கை அகதிகள் முகாம்’ என்பதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றிற்று. முகாம் என்னும் சொல் மட்டும் இன்னும் போகவில்லை.

அப்பெயர் மாற்றத்தோடு வீட்டுக் கணக்கும் முதன்முறையாக வேறுவகையில் எழுதப்பட்டது. 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 18,944 குடும்பங்களைச் சேர்ந்த 58,822 பேர் வாழ்வதாகவும், 34,087 பேர் வெளியே வாழ்வதாகவும் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தெரிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டுவதென்று அறிவித்தார். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு மூன்று லட்சத்துப் பத்தாயிரம். 2023 செப்டம்பர் 17இல் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில் 79.70 கோடி ரூபாயில் முடிந்த 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. அதை வகுத்தால் ஐந்து லட்சம் ரூபாய். இரண்டாண்டில் மதிப்பீடு இவ்வளவு கூடிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று எவரும் கேட்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகள் தங்குவார்கள் என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அன்று எந்த அரசுக்கும் இல்லை. புது வீடுகள் ஏறத்தாழ 300 சதுர அடி. பழையவற்றைப் போல மூன்று மடங்கு.

வீடு நிலைத்துவிட்டது, குடியிருப்பவர் நிலைக்கவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை. அகதி என்றொரு வகையே நம் சட்டத்தில் இல்லை. அனைவரும் 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின்கீழ் அயல்நாட்டாராகவே இருந்தனர். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லி இலங்கையை விட்டுவிட்டது. 1946இன் சட்டத்துக்கு மாற்றாக 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தையொட்டிய ஆணை, 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்களித்திருக்கிறது. தண்டனை இல்லை என்பது குடியுரிமை உண்டு என்பதாகாது.

இவ்விடத்தில்தான் மண்டபத்தின் மூன்று வருகைகளும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. முகாம்களில் வாழ்வோரில் கணிசமானோர் மலையகத் தமிழர். தகரச் சீட்டோடு போனவர்களின் வழியினர். சாஸ்திரி உடன்படிக்கையின் எண்ணிக்கையில் அடங்காமல் தோட்டத்தில் தங்கி, கலவரங்களுக்கு அஞ்சி வடக்கே நகர்ந்து, அங்கிருந்து படகேறியவர்கள். திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் இந்தியக் குடியுரிமை கோரித் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றும் மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறினார். கொள்ளுப்பாட்டன் இதே முகாமின் வழியே இந்தியராகப் புறப்பட்டார். கொள்ளுப்பேத்தி இதே முகாமில் வெளிநாட்டவராக இறங்கினாள்.

இன்னொரு பெண்ணின் செய்தியும் உண்டு. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமிலேயே பிறந்தவர். 1950 ஜனவரி 26க்கும் 1987 ஜூலை 1க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்பது சட்டம். அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 2022இல் உயர்நீதிமன்றம் தலையிட்டு வழங்கச் செய்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார். அப்போது அவர் வயது 38. தலைக்கு எத்தனை கிராம் அரிசி என்று பிசகாமல் அளந்த பதிவேடுகளில் அவர் பிறந்த நாளும் இருந்தது. அதனைப் படித்து, இக்குழந்தை நம் குடிமகள் என்று சொல்லும் வேலை மட்டும் எந்த அலுவலகத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

2022 மார்ச் 22இல் இலங்கைப் பொருளாதாரம் முறிந்தபோது தனுக்கோடிக் கரையில் மீண்டும் படகுகள் ஒதுங்கின. அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் வந்தவர்கள். அவர்களும் கொண்டு செல்லப்பட்ட இடம் மண்டபம்.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளைத் தொகுப்புக்காக மறுபடி படித்தேன். ஈழத்தைப் பற்றிய கவிதைகளுக்குக் குறைவில்லை. கடலும் படகும் துப்பாக்கியும் குருதியும் அவற்றில் நிறைந்துள்ளன. நம் ஊருக்கு நான்கு கல் தொலைவிலுள்ள முகாமின் கூரை ஒன்றிலேனும் இல்லை. என்னுடையவற்றிலும் இல்லை, ஆகவே இதைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா. தொலைவில் நிகழும் துயரத்தைப் பாடுவது எளிது. குடிநீர்க் குழாயடியில் நாம் நாளும் காண்பவரின் அறை பத்தடிக்குப் பத்தடி என்பதற்கு யாப்பு அமைவது கடினம் போலும்.

என் இளங்கலை மூன்றாமாண்டு மாணவியருள் ஒருத்தி முகாமிலிருந்து வருபவள். மேற்படிப்புக்கான விண்ணப்பத்தில் என் சான்றொப்பம் வேண்டி சென்ற மாதம் வந்தாள். ‘தற்காலிக முகவரி’, ‘நிரந்தர முகவரி’ என்று இரு கட்டங்கள். இரண்டிலும் முகாமின் ஒரே வீட்டெண்ணை எழுதியிருந்தாள். முன்னர் ஒருமுறை வேறொரு விண்ணப்பம், நிரந்தர முகவரி தவறு என்று ஓர் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்ததாம். அப்பா சொன்ன கிளிநொச்சி விலாசத்தை எழுதி அனுப்பினாளாம். அந்த ஊரை அவள் பார்த்ததில்லை.

“இந்தத் தடவை என்ன எழுதட்டும், அம்மா?” என்று கேட்டாள்.

எழுதியிருப்பது சரியாகவே இருக்கிறது என்று கூறி, முத்திரையிட்டுக் கையெழுத்திட்டேன். இன்னும் பதில் வரவில்லை.